தம்பியின் உடம்பில் என் அணுக்கள்

ஏரியில் அன்றைக்குப் பாடு எங்களுடையது. வலை போடும் முறை யாருக்கு என்பதைத்தான் பாடு என்போம். கல்யாணமாகி மாமனார் குப்பத்தோடு போய்விட்ட என் தம்பி, அந்த ஆட்களோடு வந்து எங்கள் வலையை அறுத்தான். தடுக்கப் போன என் தோளைக் கத்தியால் கிழித்தான். நான் படகு தள்ளும் கழியால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். தாடை உடைந்து, இரண்டு பற்கள் ரத்தத்தோடு தண்ணீரில் விழுந்தன. மறுபடியும் ஓங்கினேன். நாலு பேர் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கொன்றிருப்பேன்.

அதன்பின் நான்கு வருஷம் பேச்சில்லை. ஒருநாள் அவன் மனைவி எங்கள் ஊரான தோணிரேவுக்கு வந்து என் வாசலில் நின்றாள்.

"மாமா, அவருக்கு ரத்தத்துல கேன்சராம். கூடப் பொறந்தவங்க மஜ்ஜை சேருதான்னு பாக்கணும்னு சொல்றாங்க."

"அவன் கேட்டானா?"

"இல்ல. நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

சென்னையில் பரிசோதித்தார்கள். பொருந்தியது. கொடுத்தேன். ஆறே மாதத்தில் நோய் திரும்பி வந்தது. இந்த முறை என் ரத்தத்திலிருந்து, நோயோடு சண்டை போடும் வெள்ளணுக்களை மட்டும் பிரித்து அவனுக்கு ஏற்றலாம் என்றார் டாக்டர்.

"அதுங்க கேன்சரைக் கொல்லும். ஆனா அவர் உடம்பையே எதிரின்னு நினைச்சுத் தாக்கவும் செய்யலாம்."

இரண்டு கைகளிலும் ஊசியோடு மெஷின் பக்கத்தில் மூன்று மணி நேரம் படுத்திருந்தேன்.

சில வாரங்களில் அவை தாக்கின. உள்ளங்கையில் தொடங்கிய சிவப்பு உடம்பெல்லாம் பரவியது. கொப்புளங்கள் வெடித்துத் தோல் உரிந்தது. மலத்தில் ரத்தம் போனது. வலி தாங்காமல் கட்டிலை உதைத்துக்கொண்டு கத்தினான். நான் அறைக்குள் நுழைந்ததும் கத்தல் நின்றது.

"இன்னாண்ணா, உள்ள பூந்தும் அடிக்கிறியா?"

கட்டிலருகே போனேன். "மருந்து குடுத்து அதுங்கள அடக்கச் சொல்லட்டுமாடா?"

"சொல்லு. ஆனா மொத்தமா அடக்கிடப் போறாங்க, பாத்துக்க. நோவையும் சேத்துதான அடிக்குது."

மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாவோடு இழுபறி. கடைசியில் தோல் ஆறியது. ரத்தத்தில் கேன்சர் இல்லை என்றார்கள். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெயில் பட்டால் இப்போதும் அவனுக்கு உடம்பு எரிகிறது. தொழிலுக்குப் போவதில்லை, பொன்னேரி மார்க்கெட்டில் நிழலில் உட்கார்ந்து நண்டு விற்கிறான். மன்னிப்பு என்று இருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னைக் கண்டால் இரண்டு டீ சொல்கிறான்.