சிரட்டையில் ஊற்றிய டீ

எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தம்ளர் கிடையாது, தேங்காய்ச் சிரட்டைதான். அம்மா குடித்த சிரட்டையைத் தென்காசியில் உள்ள சிறிய மனித உரிமை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தேன். ஆண்டு விழாவுக்கு என்னையும் அழைத்தார்கள். குற்றாலம் சீசன் என்பதால் அரங்கு நிறைந்த கூட்டம்.

சிறப்பு விருந்தினர் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. சமத்துவம் பற்றி உருக்கமாகப் பேசி முடித்தார். உடனே விழாவை நடத்திய பெண் என்னிடம் வந்தாள்.

"அக்கா, கீழ உக்காந்து சிரட்டைய ஏந்துங்க. அண்ணாச்சி டீ ஊத்துவாவ. ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம்."

அத்தனை பேர் பார்க்கையில் மறுக்க வாய் வரவில்லை. உட்கார்ந்தேன்.

அவர் தம்ளரைச் சாய்த்தார். சிரட்டையில் பட்டுவிடாதபடி அவர் கை தானாக ஒரு முழம் உயர்ந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் தலையும் தானாகக் குனிந்தது. உயரத்திலிருந்து விழுந்த கொதிக்கும் டீ என் விரல்களில் தெறித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஒத்திக பாக்காமலே தத்ரூபமா வந்துட்டு அக்கா!" என்றாள் அந்தப் பெண். அண்ணாச்சி கை கழுவத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தைச் சிரட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்களாம். கீழே, 'அந்தக் காலத்தில்' என்று எழுதியிருக்கிறதாம். என் விரலில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை.