மோராக்குக்கு ஐந்து பேர், எனக்கு ஒருவர்

என் பெயரில் உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை. அப்பா இதைப் பெருமையாகச் சொல்வார். நான் பிறந்தபோது நட்சத்திரத்துக்கு ‘ஜே’ என்ற எழுத்து வந்ததாம். எழுத்துகளைக் கூட்டினால் ஐந்து வரவேண்டும் என்று எண்சாத்திரக்காரர் தொலைபேசியில் சொன்னாராம். அப்பாவும் மாமாவும் மூன்று நாள் தாளும் பென்சிலுமாக இருந்து ஜேதுரிகா என்று ஒன்றைக் கட்டி எழுப்பினார்கள். ஜெர்மன் எழுத்தில் எழுதினால் கூட்டுத்தொகைக்காக நடுவில் ஒரு எழுத்து வேலையில்லாமல் நிற்கும். கார்ல்ஸ்ரூஹேயில் எனக்குப் படிப்பித்த எல்லா ஆசிரியைகளும் அந்த இடத்தில் ஒருமுறை தடுக்கி விழுந்து எழும்பியவர்கள்தான்.

நாலாம் வகுப்பில் அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. கோடை விழாவுக்கு ஒவ்வொருவரும் தன் பெயரைக் கொண்ட புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி பெரிய அட்டையில் படத்தோடு எழுதி வரவேண்டும் என்று ஆசிரியை சொன்னார். பெற்றோர் எல்லோரும் வந்து பார்ப்பார்களாம்.

என் பக்கத்தில் இருந்தவள் மோராக். அவளுடைய அப்பா ஸ்கொட்லாந்தின் மேற்கே ஏதோ ஒரு தீவுக்காரர். அங்கே கேலிக் என்ற பழைய மொழி உண்டு, மோராக் அந்த மொழிப் பெயர். முதல் பெண்ணுக்குப் பாட்டியின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கமாம். அதனால் அவர்கள் ஊரில் மட்டும் ஆறு மோராக்குகள் இருந்தார்கள். தபால்காரர் வீட்டு மோராக், சிவத்த தலை மோராக் என்று அடையாளம் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். ஊரில் ஆறு என்றால் நாட்டில் எத்தனை இருக்கும்? இணையத்தில் அந்தப் பெயருக்கென்று ஒரு பக்கமே இருந்தது. இரண்டு பாடகிகள், ஒரு ஓட்டக்காரி, ஒரு வைத்தியர், ஒரு அரசியல்வாதி என்று ஐந்து பேரை அவள் பொறுக்கி எடுத்தாள். அவளுடைய அண்ணனுக்கும் அப்படியொரு கேலிக் பெயர்தான். அந்தப் பெயரில் உதைபந்தாட்டக்காரர் மட்டும் ஏழு பேர்.

என் பெயரைத் தேடினேன். ஒருவரும் வரவில்லை. வேறு ஏதோ ஒரு பெயரைக் காட்டி, இதைத்தான் தேடுகிறாயா என்று கணினிதான் திருப்பி என்னைக் கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து பேர் வைத்திருக்கிறவளின் அட்டைக்குப் பக்கத்தில் வெறும் அட்டையோடு நிற்பதை நினைக்கவே கூசியது. மாமாவிடம் போய்ச் சொன்னேன். மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஒரு பீட்சாக் கடையில் மா குழைப்பார். வீட்டில் அவருக்கு அண்டப்புளுகன் என்று பெயர். கைகழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“உன்ர பேரிலை ஆக்கள் இல்லையெண்டு ஆர் சொன்னது? ஒராள் இருக்கிறா. எழுது.”

அவர் சொல்லச் சொல்ல நான் ஜெர்மன் மொழியில் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் ஜேதுரிகா என்று ஒரு தண்ணீர் ஆய்வாளர் இருந்தார். அங்கே கிணற்றில் அதிகம் இறைத்தால் அடியிலிருந்து கடல் ஏறி, தண்ணீர் உவர்த்துவிடும். எந்தக் கிணறு எப்போது உவர்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல அவர் சைக்கிளில் போய் ஆயிரம் கிணறுகளை அளந்தார். அளவு நாடாவில், கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியைப் பூசி இறக்குவார். நனைந்த இடத்தில் வெண்கட்டியின் நிறம் மாறியிருக்கும், அதுதான் நீர்மட்டம். படத்துக்கும் மாமாவிடம் வழி இருந்தது. தன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய படத்தை எடுத்துத் தந்தார். இரட்டைப் பின்னலோடு ஒரு மெல்லிய பெண் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பாதிதான் தெரிந்தது.

அம்மாவிடம் இதைக் காட்டவில்லை. மாமாதான் வேண்டாம் என்றார்.

விழாவன்று அம்மா வேலையிலிருந்து நேரே வந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கிற பகுதியில் அவருக்கு வேலை. பள்ளிக்கூடத்துக்கு வந்தால் ஜெர்மன் மொழியில் பிழை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் வாய் திறக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்போடு சரி. என் அட்டைக்கு முன்னால் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

“இந்தப் படம் உனக்கு எங்காலை?”

மாமா தந்தவர் என்றேன். அம்மா படத்தை விரலால் தொட்டார். அந்தப் பாதி முகத்தையும் அம்மாவின் முகத்தையும் நான் அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன். மாமா தன் புளுகுக்கு அம்மாவின் படத்தை ஒட்டவைத்துவிட்டார்.

போதாக்குறைக்கு மோராக்கின் அப்பாவும் வந்து நின்றார். நகரத்தின் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை என்று மோராக் சொல்லியிருக்கிறாள். அவர் என் அட்டையை முதலில் நின்றபடி வாசித்தார், பிறகு குனிந்து வாசித்தார். வெண்கட்டி என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, இதை யார் சொல்லித் தந்தது என்று என்னைக் கேட்டார். நான் மோராக்கைப் பார்த்தேன். அவளோ தன்னுடைய ஐந்து பேரையும் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது அம்மா பேசினார். ஜெர்மன் மொழியில் அல்ல, ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலத்தில் நிறங்களும் மிருகங்களும்தான் தெரியும். அம்மாவின் வாயிலிருந்து அது அப்படித் தங்குதடையின்றி வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. மோராக்கின் அப்பா கேட்டார், அம்மா சொன்னார். திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னார். கையால் கயிறு இறக்குவதுபோலக் காட்டினார். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: ஒரு பொய்யை அதிகாரி ஒருவர் துருவித் துருவி விசாரிக்கிறார், அம்மா மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

பிறகு அம்மா செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆசிரியையின் மேசையிலிருந்து பேனை ஒன்றை எடுத்துவந்து, என் அட்டையில் ஆயிரம் என்றிருந்ததை வெட்டினார். மேலே 316 என்று எழுதினார்.

“ஆயிரம் இல்லை. முந்நூற்றுப் பதினாறு,” என்றார் என்னிடம்.

அம்மாவும் மாமாவோடு சேர்ந்து புளுகத் தொடங்கிவிட்டார் என்று எனக்குப் பட்டது. அதுவும் நம்பும்படியாக, திருத்தமாக.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமா கதவடியிலேயே நின்றார். “அக்கா, கோவிக்காதேங்கோ,” என்றார். அம்மா கோபிக்கவில்லை. அறைக்குள் போய் நெடுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் மாமாவுக்கு முதல் தோசையைப் போட்டார்.

இரண்டு கிழமை கழித்து அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. மோராக்கின் அப்பா வேலை செய்கிற இடத்துக்கு வரச் சொல்லி ஒரு டெர்மீன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டாலே எல்லோரும் கோப்புகளைத் தேடத் தொடங்குவார்கள். நாளும் நேரமும் குறித்து எந்த அரசாங்கக் கந்தோர் கூப்பிட்டாலும் அது நல்லதுக்கு இருந்ததில்லை. என் அட்டைக்காகத்தான் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அம்மா அங்கே போன நாள் காலை வகுப்பில் ஒரு கணக்கும் ஏறவில்லை. இடைவேளையில் மோராக்கிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். என் ஜேதுரிகா பொய், அப்படி ஒருவரே இல்லை என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன்னிடம் பாடகிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், வேண்டுமானால் ஒருவரை வைத்துக்கொள் என்றாள். அந்த வயதில் அதைவிடப் பெரிய கொடையை எனக்கு ஒருவரும் தந்ததில்லை.

அம்மா திரும்பி வந்தபோது கையில் ஜாம் வைத்த பனிஸ் இருந்தது, ஆளுக்கு ஒன்று. தண்டனை கிடைத்தவர் பனிஸ் வாங்குவாரா என்று எனக்கு ஒரே குழப்பம். அடுத்த மாதம் தொடங்கி கிழமைக்கு இரண்டு நாள் அம்மா அங்கே போனார். பின்னேரங்களில் ஜெர்மன் வகுப்புக்கும் போனார். பிழை விட்டார், விட்டபடியே பேசினார். மூன்று வருடத்தில் வெள்ளை மேலங்கியும் அவருடைய பெயர் பொறித்த அட்டையும் வந்தன. ஊரில் அவர் தண்ணீர்க் கந்தோர் ஒன்றில் வேலை செய்ததையும், கிணறு கிணறாக அளந்ததையும், சண்டை வந்து அந்தக் குறிப்புப் புத்தகங்களை விட்டுவிட்டு ஓடியதையும் எனக்குப் பதினாறு வயதானபோதுதான் சொன்னார்.

என் கோடை விழா அட்டை இன்னும் அம்மாவின் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். மாமா சொன்னதில் பொய் இரண்டே இரண்டுதான். ஒன்று ஆயிரம், மற்றது என் பெயர். முதலாவதை அம்மா அன்றைக்கே வெட்டித் திருத்தினார். பேனை கையில் இருந்தும் மற்றதை அப்படியே விட்டுவிட்டார்.