பொன்னையா மாமா கண்டுபிடித்த மீன்

கொழும்பில், வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது காற்று மோட்டரின் இரைச்சல்தான். அதற்கடுத்து, ஈர மணலும் உயிர்ப்புழுவும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். 'ஹோல்' என்று நாங்கள் சொல்லும் முன்னறையின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே தண்ணீர், அடியில் நாலு விரல் உயரத்துக்கு மாவு போன்ற மணல், வேறொன்றும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

அந்த மணலுக்குள் மூன்று நாக்குமீன்கள் இருந்தன. கடலில் பிடிபடும் தட்டை மீனின் நன்னீர்ச் சொந்தக்காரர்கள் அவை. என் உள்ளங்கையளவு உடம்பு, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில், வாயோ கோபித்துக்கொண்ட கிழவனைப்போலக் கோணிக்கொண்டு இருக்கும். உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பி மணலைத் தங்கள்மேல் போட்டுக்கொண்டு படுத்தால், இரண்டு கடுகு மட்டும்தான் வெளியே தெரியும். புறக்கோட்டையில் கிளாக்கராக இருந்த அப்பா, மருதானையில் ஒரு வளர்ப்புமீன் கடைக்காரனிடம் சொல்லிவைத்து வாங்கிவந்தவை. "குழம்புக்குப் போடுற சாமானுக்கு மோட்டர் வேற!" என்று அம்மா சொல்லாத நாளில்லை.

அப்பாவுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, "எங்கை, மீனைக் கண்டுபிடியுங்கோ பாப்பம். கண்டுபிடிச்சாத்தான் தேத்தண்ணி" என்பார். யாழ்ப்பாணத்துச் சண்டைச் செய்தி கேட்டுக் கேட்டு இருண்டுபோயிருந்த அந்தக் காலத்தில், அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றபோது மட்டும்தான்.

கீழ்வீட்டுப் பொன்னையா மாமா ஒருநாள் வந்தார். அவரும் எங்களைப்போல யாழ்ப்பாணம்தான். அவர் வீட்டிலும் ஒரு தொட்டி, அடியில் மணல், மேலே வண்ண வண்ணமாய்க் குப்பி மீன்கள். மூக்கு கண்ணாடியில் முட்ட முட்டக் குனிந்து பார்த்தும் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. "என்ன தம்பி, மீனில்லாத தொட்டிக்குக் கரண்டைச் செலவழிக்கிறீர்?" என்று முகம் சிறுத்துக் கேட்டார். அப்பா சிரித்தாரே தவிர மீனைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாமா தேநீர் குடிக்காமலே இறங்கிப் போனார்.

இரண்டொரு நாளில் விடியற்காலையில் பொலிஸ் வந்தது. தமிழர் வீடுகளைச் சோதிப்பது அப்போது புதிதில்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, அலுமாரி என்று ஒரு ஒழுங்கு இருக்கும். அன்றைக்கு வந்தவர்களோ வாசற்படியிலேயே, "கோ டெங்கிய?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். தொட்டி எங்கே என்று! எங்கள் வீட்டுக்குள் தொட்டி இருப்பது அவர்களுக்கு யார் சொல்லித் தெரியும்? "மாளு சேர், மாளு", உள்ளே இருப்பது மீன்தான் என்று அப்பா மன்றாடினார். ஒருவன் தொட்டியைச் சரித்து, மணல் முழுவதையும் நிலத்தில் கொட்டி, துவக்கு ஏதும் புதைத்திருக்கிறதா என்று சப்பாத்தால் கிளறினான். இரண்டு மீன்கள் அந்தச் சப்பாத்தின் கீழேயே போயின. மிஞ்சிய ஒன்றை அம்மா அரிசி கழுவும் பேசினுக்குள் அள்ளிப் போட்டாள். மீன் என்று கண்ணால் கண்ட பிறகும் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். கீழே மாமாவின் கதவு சாத்தியே இருந்தது. அவர் வீட்டுக்குள் ஒருவனும் போகவில்லை.

மறுநாள் மாலை அப்பா திரும்பி வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. "பிள்ளை, அந்த மீனைக் கொண்டுபோய்க் கால்வாயில விட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

பேசினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். மாமாவின் கதவு திறந்திருந்தது, அவர் சாய்மனைக் கதிரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து வயது; பொலிசுக்குச் சொன்னது யார் என்று விளங்காத வயதில்லை. ஓசைப்படாமல் போய் மீனை அவருடைய தொட்டிக்குள் விட்டேன். அது ஒரு சிலுப்புச் சிலுப்பி மணலுக்குள் மறைந்தது.

நாக்குமீனுக்கு உயிரிரை வேண்டும். மாமாவின் குப்பிக் குஞ்சுகள் குறையத் தொடங்கின. முதலில் பூனையைத் திட்டினார், பிறகு கண்ணூறு என்றார், தொட்டிக்கு மேலே தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார். பள்ளிக்கூடம் போகும்போது நான் நாள்தவறாமல் எட்டிப் பார்த்து, "மாமா, இண்டைக்கும் குறைஞ்சிட்டுதோ?" என்று கேட்பேன். ஆகா, அந்த முகத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்! கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தன் தொட்டியைத் தானே சரித்து, தன் மணலைத் தானே நிலத்தில் கொட்டித் தன் கையாலேயே கிளறினார்.

சற்று நேரத்தில் ஒரு வாளியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே, கொழுத்துப்போய், எங்கள் மீன். அது எப்படித் தன் வீட்டுக்கு வந்தது என்று அவரால் கேட்க முடியவில்லை. கேட்டால், பொலிஸ் எப்படி எங்கள் தொட்டிக்கு வந்தது என்று நாங்கள் கேட்போமே! அப்பா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"ஒருமாதிரிக் கண்டுபிடிச்சிட்டியள், அண்ணை. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

அம்மா கோப்பையை மேசையில் 'ணங்' என்று வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அதற்குப் பிறகு எங்கள் படியேறவில்லை.

இப்போது அந்த வீடு இல்லை; அந்த இடத்தில் பத்துமாடி எழும்பி நிற்கிறது. மருதானைக் கடையும் இல்லை. அந்தக் கடைசி மீன் செத்த பிறகு அப்பா தொட்டி வைக்கவில்லை, அந்த விளையாட்டும் அதோடு போய்விட்டது. போன மாதம் பேப்பரில் பொன்னையா மாமாவின் மரண அறிவித்தல் வந்திருந்தது. வெளிநாட்டில் காலமாகியிருக்கிறார். 'வெள்ளவத்தையில் அயலவர் அனைவரின் அன்பையும் பெற்றவர்' என்று பிள்ளைகள் போட்டிருந்தார்கள்.

அந்த அயலவர் நாங்கள்தான். பேனையை எடுத்து அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன்.