முதலை ஓடையில் ஆடி அமாவாசை

மொன்றியலில் இருந்து அவுஸ்திரேலியாவின் வடமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் என் முழங்கால்கள் இரண்டும் என்னைக் கைவிட்டிருந்தன. மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடுகிறவள் நான். லீவு எடுத்துக்கொண்டு போன இடத்திலாவது ஆறுதலாகப் படுத்துக் கிடக்கலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே இருக்கிற என் அண்ணை விட்டால்தானே. டார்வினில் போய் இறங்கிய மறுநாளே கூடாரத்தையும் தண்ணீர்க் கலன்களையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பைத்தியம் காட்டு ஓடைகளின் கரையில் போய்ப் படுப்பது.

நான் காடு பார்க்கப் போகவில்லை. அண்ணி இறந்த பிறகு அண்ணை தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை, வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது. என் மகன் கர்க்லாண்டில் வீடு வாங்கிக்கொண்டு போனதில் என் பின்னறை சும்மா கிடந்தது. அண்ணையைக் கூட்டிவந்து அதில் இருத்தவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். டெலிபோனில் கேட்கும்போதெல்லாம் "பாப்பம்" என்பார். எங்கள் ஆட்கள் "பாப்பம்" என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அதுதான் நேரில் போனேன்.

தார் றோட்டு முடிந்து செம்மண் பாதை தொடங்கியது. இரண்டு பக்கமும் ஆளைவிட உயரமான புற்றுகள். ஒரு புற்றுக்குக்கூட மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க ஆளில்லை. அண்ணை மெதுவாகத்தான் ஓட்டினார். வயதுக்கேற்ற நிதானம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஓடை அழகாகத்தான் இருந்தது. கரையெல்லாம் தாழை, அதற்குப் பின்னால் வெள்ளைப் பட்டை உரிகிற மரங்கள். வாயைப் பிளந்த முதலையின் படம் போட்ட மஞ்சள் பலகை ஒன்றும் நின்றது. அண்ணை தண்ணீரில் இருந்து தள்ளி, மேட்டில் கூடாரம் அடித்தார். அடித்து முடித்ததும் சட்டங்களைச் சொன்னார். தண்ணீர்க் கரைக்குப் போகக்கூடாது. சட்டி பானை கொண்டுபோய்க் கழுவக்கூடாது. மிச்சச் சோற்றை அங்கே கொட்டக்கூடாது.

"எங்கடை குளத்து முதலை மாதிரி நினைச்சுப்போடாதை, பிள்ளை. இது நீ வாற நேரம், போற நேரம் எல்லாம் பாத்து வைச்சிருக்கும். அதுக்குப் பேந்துதான் வரும்."

எனக்கு அந்த நாட்கள் நன்றாகப் போயின என்று சொன்னால் பொய். ஈ முகத்தைவிட்டுப் போகவில்லை. வேர்வையில் உடுப்பு ஊறியபடியே கிடந்தது. நிலத்தில் படுத்தால் எழும்புவதற்கு ஒரு மரம் தேவைப்பட்டது. அண்ணையோ ஒரு கல்லில் சாய்ந்துகொண்டு, தலையைச் சரித்துச் சரித்துக் காட்டைப் படித்துக்கொண்டிருந்தார். "கறுப்புக் கிளியள் வருகுது" என்பார். கொஞ்ச நேரத்தில் வாலில் சிவப்பு வைத்த பெரிய கறுப்புக் கிளிக் கூட்டம் கத்திக்கொண்டு வரும். பொழுது சாயும்போது "சின்னக் கங்காரு தண்ணிக்கு இறங்குது" என்பார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடிப் பிடிப்பதற்குள் அது குடித்து முடித்திருக்கும். இந்த வயதிலும் என்ன கூர்மை என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

"அண்ணை, என்னோடை வாங்கோ. பின்னறை சும்மா கிடக்கு," என்றேன்.

"அங்கை படுத்திருந்தா என்ன சத்தம் கேக்கும்?"

"பனி தள்ளுற வண்டிச் சத்தம் கேக்கும்."

சிரித்துவிட்டு, "பாப்பம்," என்றார்.

ஆடி அமாவாசை அங்கே இருக்கும்போதே வந்தது. தகப்பன் இல்லாதவர்கள் தகப்பனுக்காக விரதம் இருந்து, நீராடி, எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். எங்கள் ஐயாவுக்கு அண்ணைதான் இறைப்பார். லாசாலில் ஆற்றங்கரைக்குப் போய்க் கால் நனைத்து, இறைத்துவிட்டு, அப்படியே வேலைக்கு ஓடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அங்கே ஆற்றில் வாத்துகள்தான் இருக்கும்.

காலையில் அண்ணை வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் செம்பும் மற்றக் கையில் எள்ளுப் பொட்டலமுமாக ஓடைப் பக்கம் இறங்கினார். நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன்.

"அண்ணை, கலனிலை இருக்கிற தண்ணியை விட்டா ஐயா கோவிக்கமாட்டார்."

"ஐயாவுக்கு ஒருநாளும் கலன் தண்ணி விட்டதில்லை. ஓடுற தண்ணி வேணும். இதிலை ஆழமில்லை, நான் பாத்துத்தான் போறன்."

எனக்குச் சொன்ன சட்டமெல்லாம் ஐயாவுக்கு முன்னால் செல்லாமல் போய்விட்டன. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். கணுக்கால் தண்ணீரில் நின்று அவர் எள்ளை இறைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் முன்னால், சோற்றுருண்டை எறிந்தால் விழுகிற தூரத்தில், ஒரு மரக்கட்டை மிதந்தது. தண்ணீர் ஒரு பக்கம் போக, கட்டை மறுபக்கம் வந்துகொண்டிருந்தது.

"அண்ணை, சத்தம் போடாமல் பின்னாலை வாங்கோ. முன்னாலை முதலை."

அவர் நிமிர்ந்து அதை நேருக்கு நேர் பார்த்தார்.

"எங்கை? அங்கை ஒண்டுமில்லையே."

கட்டை என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லை என்றார். இல்லத்தில் விழப்போகிறவர்களைப் பிடிக்கிற மாதிரி, பின்னாலிருந்து இரண்டு அக்குளுக்குள்ளும் கைகொடுத்து அவரை மேட்டுக்கு இழுத்தேன். செம்பு தண்ணீரில் போனது. கட்டை ஒரு சலனமும் இல்லாமல் தாழ்ந்து மறைந்தது.

ஜீப்பின் நிழலில் இருத்தி, "எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன்.

அண்ணி இருந்தபோதே தொடங்கிவிட்டதாம். நேரே பார்த்தால் நடுவில் புகை. ஓரமெல்லாம் தெரியும். கிளியையும் கங்காருவையும் காதால்தான் கண்டிருக்கிறார். வாகனம் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லியும் விட்டாராம்.

நான் பொல்லாத கோபக்காரி. "இந்தக் கண்ணை வைச்சுக்கொண்டே என்னை இவ்வளவு தூரம் ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்?"

"றோட்டுக்கு ஓரம்தானே முக்கியம்," என்றார், பிடி கொடுக்காமல். பிறகு குரல் இறங்கிவிட்டது. "தெரிஞ்சா நீ என்னை மூட்டை கட்டிக் கொண்டுபோயிடுவாய் எண்டு பயம்."

கோபம் அடங்கி, உடம்பு சோர்ந்துபோய் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். டெலிபோன் அங்கே வேலை செய்யாது. நான் வாகனம் ஓட்டப் பழகியதே இல்லை. மெற்றோவும் பஸ்ஸும் இருக்கிற ஊரில் அது தேவைப்படவில்லை. யாராவது வருவார்கள் என்று காத்திருந்தோம். வெயில் உச்சிக்கு வந்தும் ஒரு வண்டியும் வரவில்லை. குடிதண்ணீரும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவர் ஓட்டினார், நான் பார்த்தேன்.

"இடப்பக்கம் மாடு. மெதுவா." "புற்று, வலப்பக்கம் எடுங்கோ." "நில்லுங்கோ, கங்காரு குறுக்கை போகுது." ஆமை வேகத்தில் போனோம். வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டு போனது. ஜென்மத்தில் என் சொல் கேட்காத மனிதர், சொன்ன இடமெல்லாம் நிறுத்தினார். அது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அழுகைதான் வந்தது. அழுதால் பாதை தெரியாதே என்று அடக்கிக்கொண்டேன்.

தார் றோட்டில் முதலாவதாக வந்த பெற்றோல் கடையில் நிறுத்தச் சொன்னேன். இனி வேறு யாராவது ஓட்டட்டும் என்றேன். அவர் என்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"பிள்ளை, நீ வந்ததிலை இருந்து உன்ர முகத்தை நான் இன்னும் காணேல்லை," என்றார். "குரல் பழைய குரல்தான். முகத்திலை சுருக்கம் விழுந்திட்டுதோ?"

"நல்லா விழுந்திட்டுது, அண்ணை."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப நான் சரியான கிழவன்தான்," என்றார். "மொன்றியலுக்கு ரிக்கற்றைப் போடு."