சீசரின் கழுத்தில் சிவப்புத் துணி

காலியான அலுமினியச் சோற்றுப் போசியை ஒரு பெரிய நாய் மூக்கால் தள்ளிக்கொண்டு சிமெண்டுத் தரையில் வரும் சத்தம் கரகரவென்று தொடங்கி, வாசற்படியில் ‘ணங்’ என்று முட்டி நிற்கும். முதலிபாளையம் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ‘லைன் ஊட்டில்’, அதாவது ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில், அந்தச் சத்தம் கேட்டால், சீசர் இன்னும் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொள்வார்கள். சீசரும் அவர்கள் அப்படி நினைப்பதில் குறுக்கிட்டதில்லை.

அது யாருடைய நாயும் இல்லை. அதனால் எல்லாருடைய நாயுமாக இருந்தது. தாய் தெருநாய், தகப்பன் ஏதோ ஒரு முதலாளி பங்களாவின் அல்சேஷன் என்று பேச்சு. ஒரு காது நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருக்கும். பின்னங்காலில் எழுந்து நின்றால் என் அப்பாவின் தோளில் முன்னங்காலை வைத்துவிடும். புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்டைத் திறக்கவே பயப்படுவார்கள். நாலைந்து நாள் போனால் அவர்கள் வீட்டு வாசலிலும் போசி முட்டும்.

எங்கள் காம்பவுண்டில் எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான், ஆனால் ஒரே நேரத்தில் போகிறவர்கள் இல்லை. அப்பா நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து சாப்பிடுவார். அம்மா செக்கிங்கிலிருந்து இருட்டின பிறகு வருவாள். கோடி வீட்டில் தங்கியிருந்த பீகார்க்காரர்கள் எந்த நேரத்தில் ரொட்டி சுடுவார்கள் என்று சொல்ல முடியாது. நடு வீட்டுச் செல்லத்தாய் அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கம்பெனியிலிருந்து நடந்தே வந்து போவார். இப்படி எந்நேரமும் ஏதாவது ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்க, எந்த அடுப்பு எப்போது எரியும் என்பது முழுவதும் தெரிந்த ஒரே ஆள் சீசர்தான். நான் ஒரு கைதானே போட்டேன் என்று எல்லாரும் சொன்னார்கள், சொன்னதும் உண்மைதான்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம், ஒரு காலையில் சீசரால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னங்காலை ஊன்றியது, பின்னங்கால் இரண்டும் தரையில் வழுக்கி விரிந்தன. அப்பாவும் நானும் ஒரு குட்டியானை லோடு வண்டியைப் பிடித்து அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா அதன் விலாவில் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, என் கையையும் பிடித்து வைத்தார். மெத்தையில் வைத்த மாதிரி இருந்தது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, ஆனால் தடவினால் கைக்குத் தெரியவேண்டும், அதுதான் அளவு என்றார். நாங்கள் கொண்டுபோயிருந்த போசியைக் காட்டி, இதில் பாதி, காலையில் ஒருதரம், சாயந்திரம் ஒருதரம், அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது. இப்படியே விட்டால் அடுத்த மழைக்குள் ஒரேயடியாகப் படுத்துவிடும் என்றும் சொன்னார். லைன் வீடுகளின் சொந்தக்காரர் இதைக் கேட்டுவிட்டு, காவலுக்கு ஆகாத நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, படுத்துவிட்டால் அவிநாசிபாளையம் ரோட்டில் எங்காவது இறக்கிவிட்டு வந்துவிடுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“நீதான் படிக்கிறவனாச்சே கண்ணு, நீயே எல்லார்த்துக்கும் சொல்லீரு” என்று அப்பா என்னிடம் விட்டுவிட்டார். எங்கள் வகையறாவில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அவர் அப்படிச் சொன்னதை ஒரு முழுப்பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டேன். போசிக்குள்ளே ஆணியால் பாதியில் ஒரு கோடு கிழித்தேன். தண்ணீர்த் தொட்டிச் சுவரில், சீசருக்கு யாரும் சோறு போடக்கூடாது என்று சாக்பீஸால் பெரிய எழுத்தில் எழுதினேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள். பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது, பீகார்க்காரர்களுக்குத் தமிழ் தெரியாது, படிக்கத் தெரிந்தவர்களோ அந்த ‘யாரும்’ என்பதில் தங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே பனியன் கொண்டுவந்து ‘பிசிர்’ வெட்டுவாள். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கிற வேலை. வெட்டி முடித்த கட்டுக்குச் சிவப்பு வேஸ்ட் துணியில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவாள். முடிச்சு இருந்தால் அந்தக் கட்டில் யாரும் மறுபடி கை வைக்கமாட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், ஒரு கீற்றை எடுத்துப் போய்ச் சீசரின் கழுத்தில் கட்டினேன். துணி இருந்தால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். காலையில் சோறு வைத்ததும் கட்டுவேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து அவிழ்ப்பேன், சாயந்திரம் வைத்ததும் மறுபடி கட்டுவேன். இதை யாருக்கும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பீகார்க்கார அண்ணன்கள், ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு துணியைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தாங்களே தின்றார்கள்.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. சின்ன வயதில் பசியோடு படுத்தவள் அவள். யாராவது தூக்கிவிட்டால் மெல்ல நடக்கும் சீசர், துணி கட்டிய கழுத்தோடு எங்கள் வாசலில் போசியை முட்டியபோது, “வாசல்ல வந்து நிக்கிற வாய்க்கு இல்லைன்னு சொல்றதுக்கா உன்னையப் பள்ளிக்கோடத்துக்கு அனுப்புனோம்?” என்று கேட்டாள். நான் போசியை எடுத்துப் பரண்மேல் வைத்தேன்.

அப்படியும் சீசர் இளைக்கவில்லை. நான் போடுவது அவசர முடிச்சு. சாயந்திரம் அவிழ்க்கப் போனால் பூமாதிரி ஒரு முடிச்சு இருந்தது. ஒரு லீவு நாள் மத்தியானம் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். செல்லத்தாய் அக்கா வந்து துணியை அவிழ்த்து, தன் தட்டிலிருந்து பாதிச் சோற்றைச் சீசருக்கு வைத்து, அது நக்கி முடித்ததும் துணியை அழகாகக் கட்டிவிட்டார். நான் எதிரே போய் நின்றேன்.

“ஏனுங்க அக்கா, இது படுத்துக்கிட்டா ரோட்டுல கொண்டுபோயி உட்ருவாங்க. தெரியுமில்லீங்க?”

“சட்டம் பேசாதலே” என்றார் அவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பிள்ளைகள் இரண்டும் ஊரில் அவருடைய அம்மாவிடம் இருந்தன. “அது மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கி. நான் மட்டும் எப்படி முழுங்கட்டும்? ஒத்தையில தின்னா எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குலே.”

திட்ட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் அவரைத் திட்டினால் நாளைக்கு வேறு இடத்தில் வைத்துப் போடுவார் என்று தெரிந்தது. அதனால் சொன்னேன்: “அப்ப சாயந்திரப் போசி உங்களுதுங்க. நீங்களே வெச்சு, நீங்களே கட்டுங்க, நான் கிட்டவே வரமாட்டேன். ஆனா அந்தக் கோட்டுக்கு மேல போகக்கூடாது, மத்தியானம் கிடையாது.”

“மத்தியானம் அது வந்து நின்னா?”

“நான் வந்து உங்ககூட உக்காந்து சாப்புடறனுங்க.”

பள்ளிக்கூட நாட்களில் அது நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்; லீவு நாட்களில் என் தட்டோடு போனேன், மற்ற நாட்களில் நைட் ஷிப்ட் தூக்கத்திலிருந்து எழுந்த அப்பா தன் தட்டோடு வாசலில் உட்கார்ந்து அக்காவிடம் பேச்சுக்கொடுத்தார். சாயந்திரச் சோறு அதன்பிறகு கோட்டைத் தாண்டவில்லை. முதலில் கழுத்துத் தொங்கல் வற்றியது, பிறகு இடுப்பு தெரிந்தது. டீக்கடையில், ஒரு நாய்க்குச் சோறு போட வக்கில்லாத காம்பவுண்டு என்று கேலி செய்தார்கள். அம்மா அதைக் கேட்டு வந்து அழுதாள். நான் அசையவில்லை. மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், விலாவைத் தடவிய என் விரலுக்கு எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. அந்த வாரமே, கேட் சத்தம் கேட்டு அது யாரும் தூக்கிவிடாமல் எழுந்து ஓடியது. செல்லத்தாய் அக்கா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, அது கேட்டிலிருந்து திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

அதன்பிறகும் சில வருடங்கள் இருந்து, கிழடாகித்தான் செத்தது. லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது நூல் குடோன். போசி எங்கே போனதென்று தெரியவில்லை. செல்லத்தாய் அக்கா பிள்ளைகளிடமே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். தனி வீடு, எங்கள் வாசலில் எதுவும் வந்து முட்டுவதில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து, சோற்றை அளந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி நான்தான் போடுகிறேன். நேற்று அளவு முடிந்து கரண்டியை நான் சட்டியிலேயே வைத்ததும், தட்டை நீட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சீசரும் இப்புடித்தான் உன்னையப் பாத்துட்டு நின்னிருக்கும், இல்ல கண்ணு?”

“ஆமாங்மா.”

“நீ போட்டயா?”

“இல்லீங்மா.”

தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “செரி, அப்ப ரசத்தையாச்சும் ஊத்து.”