பூஜையில் மாட்டிக்கொண்ட கொலை

போன வாரம், சரஸ்வதி பூஜையன்று, எங்கள் வீட்டில் ஒரு கொலை விசாரணை பாதியில் நின்றுபோனது. நிறுத்தியவன் நான்தான். சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி நிறுத்தினேன்.

பதறாதீர்கள். விவரமாகச் சொல்கிறேன்.

இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். மல்லசமுத்திரம் டீக்கடையில் கேட்டாலும் சரி, அஸ்தம்பட்டியில் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டாலும் சரி — பதில் கம்பீரமாக வரும். தலையணை கனத்தில் ஏதாவது ஒரு புத்தகத்தின் பேரைச் சொல்வார்கள். பாதிப்பேர் அதைத் தலையணையாகத்தான் வைத்திருப்பார்கள்!

நான் மட்டும் என்ன? பத்தாவது தாண்டாதவன். கேட்டால், "சாமி பாட்டுப் புஸ்தகமுங்க" என்பேன். பொய் இல்லை. காலையில் நாலு பாட்டுப் படிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். ஆனால், மத்தியானத்தில் என்ன படிக்கிறாய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லையே...

எங்கள் வீட்டில் அந்த உண்மை வெளியே வருகிற நாள்தான் சரஸ்வதி பூஜை. மரவள்ளிக் காட்டு மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து மகனுடைய பைக் வரைக்கும் அன்று பொட்டு வைத்துவிடுவோம். புத்தகங்களை எல்லாம் அடுக்கி, பட்டுத் துணி போர்த்தி, பூ வைப்போம். அவரவர் கையில் இருக்கிற புத்தகம் கட்டாயம் அந்த அடுக்கில் இருக்க வேண்டும். வைத்தபின் மறுநாள் காலை பூஜை முடிகிற வரைக்கும் ஓர் எழுத்துகூடப் படிக்கக் கூடாது. பேப்பர்கூட மடித்தது மடித்தபடியே கிடக்கும். மகன் கார்த்தி லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். செல்போனை மட்டும் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டான். சரஸ்வதிக்குத் தெரியாது என்று நினைப்பு.

இப்போது மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் நிவேதா. ஆத்தூர்ப் பக்கம். வைகாசியில் கல்யாணம். எங்கள் ஊரில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவோம்; அவர்கள் பக்கம் அப்படி இல்லை. வந்த புதிதில் ஒரு சொந்தக்காரம்மா, "புள்ளைக்கு மரியாதை பத்தலயே" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அதோடு அந்தப் பெண் வாயை மூடியதுதான். என் மனைவி சரோஜாவும் கெட்டவள் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாதவள். "சாப்புட்டியா சாமி?" "சாப்பிட்டேங்க அத்தை." வைகாசியிலிருந்து இருவருக்கும் நடுவே ஓடிய பேச்சு இவ்வளவுதான். ஒரே வீட்டில் இரண்டு பேர் இப்படி இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. முருகனிடம் தினமும் சொல்லித்தான் வந்தேன்.

நிவேதா தன் சூட்கேஸில் ஒரு மர்ம நாவல் கொண்டுவந்திருந்தாள். அட்டையில் கத்தியும் ரத்தமும். மாமியார் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டாள். அந்தத் தாளில் இருந்தவர் முருகன்! சரோஜா அதைப் பார்த்துப் பக்திப் புத்தகம் என்று கையைக் கழுவிவிட்டு எடுத்திருக்கிறாள். முதல் பக்கத்திலேயே பிணம். கீழே வைப்பாளா?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தின் நடுவே ஒரு ஹேர்பின் இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. ஹேர்பின் ஒரு நாள் முந்தும், பொட்டலம் ஒரு நாள் முந்தும். ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி படிக்கிறாள். அடையாளத்தைப் பார்த்தும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இருவரும் சமையலறையில் இருக்கும்போது நான் படித்தேன். அடையாளம் எதுவும் வைக்காமல் படித்து முடித்தும் விட்டேன்.

கதை இதுதான். ஒரு பணக்கார வீடு. விருந்துக்கு வந்த மகள் வீட்டுச் சம்பந்தி பாயசம் குடித்துவிட்டுச் செத்துப்போகிறார். பாயசம் வைத்தவள் மாமியார். ஊற்றிக் கொடுத்தவள் மருமகள். விஷம் வைத்தது யார்?

பூஜையன்று காலையில் ஹேர்பின்னும் பொட்டலமும் ஒரே பக்கத்தில் இருந்தன. கடைசி அத்தியாயத்தின் வாசலில். நான் பாட்டுக்கு முருகன் அட்டையை அடுக்கின் உச்சியிலேயே வைத்துக் குங்குமமும் வைத்துவிட்டேன். இரண்டு முகங்களும் ஒரே நேரத்தில் வாடின. எனக்குக் கற்பூரத் தட்டைப் பிடிக்க முடியவில்லை. சிரிப்பு.

மத்தியானம் சுண்டல், வடை எல்லாம் ஆகி, வீடு அசந்திருந்தது. பூஜை அறையில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தேன். நிவேதாவின் விரல் பட்டுத் துணியின் ஓரத்தில். பின்னாலேயே சரோஜா, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற சாக்கில். விளக்கில் எண்ணெய் ததும்பிக்கொண்டிருந்தது.

"அந்த முருகன் புஸ்தகத்த நீயும் படிக்கிறயா அம்மணி?" என்றாள் சரோஜா.

"அது என் புக்குதான் அத்தை."

நான் வாயைப் பொத்தியும் சிரிப்பு வந்துவிட்டது. சரோஜா திரும்பினாள். பிடித்துவிட்டாள். நானும் படித்திருக்கிறேன், முடிவும் எனக்குத் தெரியும் என்பதை ஒரே பார்வையில் கறந்துவிட்டாள். பிறகு அவள் எடுத்தது வக்கீல் பாயிண்ட். பூஜையில் வைத்ததைப் படிக்கத்தானே கூடாது? படித்தவர் வாயால் கேட்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது?

"ஏனுங்க, அந்த மாமியாக்காரி பண்லீன்னு மட்டும் சொல்லிருங்க. அது போதும்."

"மாமா, சொல்லாதீங்க," என்றாள் நிவேதா.

வைகாசியிலிருந்து அந்தப் பெண் எங்கள் வீட்டில் ஒரு பேச்சை மறுத்தது அதுதான் முதல் தடவை. சரோஜா அசந்துபோனாள். ஆனால் விடவில்லை. சம்பந்தியை விருந்துக்கு அழைத்து, முந்திரி திராட்சை போட்டுப் பாயசம் வைத்தவள் விஷம் வைப்பாளா என்று கேட்டாள். அமுக்கமாக இருப்பது அந்த மருமகள்தானே, மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றாள்.

நிவேதாவின் முகம் சிவந்தது.

"அமுக்கமா இல்லாம என்ன பண்ணுவா அத்தை? அந்த வீட்ல அவகிட்ட யாரு பேசினாங்க? சாப்பிட்டியான்னு கேட்டதோட சரி. வாயத் தொறந்தா தப்பாயிடுமோன்னு பயந்துட்டே இருந்திருப்பா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு கதைப் புத்தகத்தால் இருக்கிற ரெண்டு வார்த்தையும் போய்விடுமோ... முருகா!

சரோஜா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த மாமியாக்காரிக்கும் பேசத் தெரிஞ்சிருக்காது சாமி," என்றாள். "படிச்ச புள்ளை, நாம ஏதாச்சும் சொல்லி நம்மளப் பட்டிக்காடுன்னு நெனச்சுக்குமோன்னு அவளுக்கும் பயமா இருந்திருக்கும்."

அப்புறம் இருவரும் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். கதையில் வருகிற டாக்டர் திருட்டு முழி முழிக்கிறான் என்றாள் ஒருத்தி. சமையற்காரி அழுததே நடிப்பு என்றாள் இன்னொருத்தி. சொந்தக்காரம்மாவின் மரியாதைப் பேச்சும் நடுவே வந்தது போலிருக்கிறது. அவர் நடப்பது மாதிரி சரோஜா நடந்து காட்ட, நிவேதா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்புக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாலைக் காபி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. சரி, இவ்வளவு ஆசைப்படுகிறார்களே, முடிவைச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். சரோஜா கையை உயர்த்தினாள். "நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். காத்தால நாங்களே படிச்சுக்கறோம்."

நாங்களே... அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே நான் வேண்டிக்கொண்டிருந்தேன்!

விஜயதசமி காலையில் பூஜையை முடித்து, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் படிப்பது எங்கள் வழக்கம். நல்ல படிப்பு படிக்க வேண்டிய நாளில் எங்கள் வீட்டில் விஷம் வைத்த கதையை உரக்கப் படித்தார்கள். நிவேதா படிக்க, சரோஜா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லா எழுத்துக்கும் சரஸ்வதிதானே தாய்? நான் முந்தின நாள் பேப்பரை விரித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் பக்கம் வந்தது. நிவேதாவின் குரல் நின்றது. வெங்காயம் உரிக்கிற கையும் நின்றது. இருவரும் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். ஒரே மாதிரி பார்த்தார்கள்.

விஷம் வைத்தது மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை. கதை முழுக்கப் பேப்பரை விரித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்த மாமனார்!

இப்போதெல்லாம் நான் சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனால்கூட, "நீங்க உக்காருங்க, நாங்க கொண்டாரோம்" என்று இரண்டு குரல் ஒன்றாக வருகிறது. முருகன் என் பிரார்த்தனையைக் கேட்டுவிட்டான்... கொஞ்சம் அதிகமாகவே!