காற்று நாளில் மூட்டிய அடுப்பு

ரூட்டிமாட் என்ற கிராமம் இன்டர்லாக்கனுக்குக் கிழக்கே, ஏரி முடிந்து பள்ளத்தாக்கு ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு விடுதி, மற்றவை மரவீடுகள். அந்த விடுதியின் குசினியில் கோப்பை கழுவ 1985 கோடையில் வந்து சேர்ந்தவர் நித்தியானந்தன். ஊரில், அளவெட்டியில், சங்கக்கடை மனேஜராக இருந்தவர். அடுத்த தைப்பொங்கலன்று நடந்ததை அவரிடமும், அவரோடு ஒரே அறையில் இருந்த யோகராஜாவிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களையே எழுதுகிறேன். ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அதையும் சொல்வேன்.

அசூல் என்று அரசியல் தஞ்சம் கேட்டு வந்த தமிழருக்கு அங்கே யாரும் அறை கொடுக்கவில்லை. கொடுத்த ஒரே ஆள் கணவரை இழந்த ஒரு மூதாட்டி. குடும்பப் பெயர் நேகலி. இவர்கள் நேகலியம்மா என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "இந்த இரண்டு பேருக்கும் நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டு மேலறையைத் திறந்துவிட்டார். கீழே குசினி பொது. விறகு அடுப்புக்கு மேலே ஒரு தட்டில் நெருப்புப்பெட்டி எப்போதும் இருக்கும். யாரும் எடுக்கலாம்.

பொங்கலுக்கு முதல் நாள் தெற்கேயிருந்து ஒரு காற்று இறங்கியது. சூடான, உலர்ந்த காற்று. கூரைப் பனி முழுவதும் வழுக்கி விழுந்தது. விடியும்போது வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மலை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. நேகலியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தார்; காலைப் பேருந்தில் திரும்புவதாக இருந்தது.

முற்றத்திலேயே பொங்குவோம் என்ற யோசனை யாருடையது என்பதுதான் ஒத்துப்போகாத இடம். நித்தியானந்தன் தான்தான் சொன்னேன் என்கிறார். யோகராஜாவும் தான்தான் சொன்னேன் என்கிறார். இருவரும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மாட்டுப் புல் அடுக்கிய கொட்டிலின் ஓரத்தில் மூன்று கல் வைத்தார்கள். தட்டிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து மூட்டினார்கள்.

"அண்ணை, தைமாசத்தில இப்பிடி ஒரு வெயில்! சூரியபகவான் எங்களைத் தேடி வந்திட்டார்."

"அவருக்கும் அசூல் குடுத்திட்டாங்களோ தெரியாது" என்றார் நித்தியானந்தன்.

"பால் எந்தப் பக்கம் சரியுது எண்டு பாருங்கோ."

"காத்து தள்ளுற பக்கந்தான். பேசாமல் அரிசியைப் போடடாப்பா."

அரிசியும் போட்டு, இரண்டாம் முறை நுரை எழுந்தபோது தெருவிலிருந்து ஒரு கிழவர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். நேகலியம்மாவின் தம்பி கஸ்பார். வந்த வேகத்தில் சப்பாத்துக் காலால் பானையை உதைத்தார். பாலும் அரிசியும் நெருப்பின் மேல் கொட்டின.

பொங்கல் பானையைக் காலால் உதைத்தவனை நம்மவர் என்ன செய்வார்களோ, அதை நித்தியானந்தன் செய்தார். கோட்டைப் பிடித்து உலுக்கித் தள்ளினார். கிழவர் சேற்றில் மல்லாந்து விழுந்தார்.

விழுந்தவர் இவரைப் பார்க்கவே இல்லை. பால் அணைக்காமல் விட்ட ஒரு கொள்ளியைக் காற்று உருட்டிக்கொண்டுபோய்க் கொட்டில் கதவடியில் சேர்த்திருந்தது. அங்கே கிடந்த புல் புகைந்தது. கஸ்பார் எழும்ப நேரமில்லாமல் தவழ்ந்து போய் வெறுங்கையால் அதை அடித்து அடித்து அணைத்தார். அணைந்த பிறகுதான் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது. நித்தியானந்தன் அகப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

நேகலியம்மா பேருந்திலிருந்து இறங்கி வந்தார். மண்வெட்டியால் வேலியோரத்துப் பனியை அள்ளிச் சாம்பல்மேல் போட்டார். தம்பியின் கையைச் சுற்றிக் கட்டினார். பிறகு இருவரையும் தேவாலயத்துக்கு அழைத்துப்போய் மதிலில் பதித்திருந்த ஒரு கல்லைக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே காற்றடித்த ஓர் இரவில், ஒரு வீட்டு அடுப்பிலிருந்து கிளம்பிய பொறியால் கிராமம் முழுவதும் எரிந்துபோனது. கல்லில் செத்தவர்களின் பெயர்கள். நேகலி என்ற பெயர் ஐந்து தடவை இருந்தது.

அன்றிலிருந்து அந்த ஊரில் காற்று நாளில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. பாண் சுடும் பேக்கரிப் போறணையும் ஆறிக் கிடக்கும். தெருவில் சுருட்டுப் பிடிக்கக்கூடாது. காவலுக்கு ஆண்கள் முறைவைத்து வீடு வீடாகப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கஸ்பாரின் முறை. இதையெல்லாம் யோகராஜா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டு விளங்கிக்கொண்டு சொல்லச் சொல்ல, நித்தியானந்தன் அந்தக் கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்று மாலை அவர் குசினிக்குப் போனபோது தட்டில் நெருப்புப்பெட்டி இல்லை. நேகலியம்மாவின் ஏப்ரன் பையில் இருந்தது. அதன்பிறகு அடுப்பு மூட்ட வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் அவரே வந்து மூட்டிவிட்டுப் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். முகம் கோணமாட்டார். "ஏசியிருந்தால் நிம்மதியா இருந்திருக்கும்" என்றார் நித்தியானந்தன். பல நாள் விடுதியில் மிஞ்சிய பாண் துண்டைத் தின்றுவிட்டு, கேட்காமலே படுத்திருக்கிறார்.

மாசியில் ஊர்க்கூட்டம் விடுதி மண்டபத்தில் கூடியது. இவர்களை ஊரில் வைத்திருப்பதா என்பதும் பேசப்பட்டது. சாப்பாடு நீட்டும் யன்னலுக்கு இந்தப் பக்கம் நித்தியானந்தன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற யோகராஜா மண்டபத்தில் பேசியதைத் தமிழில் காதோடு சொல்லிக்கொண்டு வந்தார்.

"பொறுப்பெண்டு சொன்ன ஆள் எங்கை எண்டு கேக்கிறாங்கள்."

"நேகலியம்மா என்ன சொல்லுறா?"

"எழும்பி நிக்கிறா. ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை. நிக்கிறா."

நித்தியானந்தன் குழாயைப் பூட்டினார். அப்போது கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு கஸ்பார் ஏதோ சொன்னார். மண்டபம் முழுவதும் சிரித்தது.

"என்னவாமடா?"

"தன்னைத் தூக்கி எறிஞ்சவனுக்கு நல்ல பலமாம். தன்ரை கைப்புண் மாற நாள் எடுக்குமாம். அதுவரைக்கும் தன்ரை காவல் முறையை அவன் நடக்கட்டுமாம்."

இருவரும் ஊரில் இருக்கலாம் என்று முடிவானது. நித்தியானந்தனால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினார்.

பங்குனியில் காற்று மறுபடி இறங்கியது. கஸ்பாரின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு நித்தியானந்தன் வீடு வீடாகப் போனார். கதவைத் திறந்தவர்கள் விலகி நின்றார்கள். ஒவ்வொரு அடுப்பிலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "டாங்கெ" என்று நன்றி சொல்லிப் படியிறங்கினார். ஒரு வீட்டுக்காரர், "இன்றைக்குப் பொங்கல் இல்லையா?" என்று கேட்டார். அதற்கும் "டாங்கெ" என்றார்.

நேகலியம்மாவின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார். தான் படுத்தெழும்பும் வீட்டின் கதவைத் தட்டிவிட்டு நின்றார். நேகலியம்மா மற்றவர்களைப்போலவே விலகி நின்றார். அடுப்பு குளிர்ந்திருந்தது. அவர் திரும்பும்போது நேகலியம்மா ஏப்ரன் பைக்குள் கைவிட்டு நெருப்புப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

"காற்று ஓயும்வரை நீ வைத்திரு."

அவர் வாங்கினார். மகிழ்ச்சியாக இருந்ததா என்று கேட்டேன். "பெட்டியை வாங்கினன். தீக்குச்சியள் உள்ளுக்கை கலகலவெண்டு சத்தம் போட்டுது. அது அவவுக்குக் கேட்டுடக்கூடாதெண்டு கோட்டுக்குள்ளை வைச்சு அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்" என்றார்.

மறுநாள் பின்னேரம் காற்று ஓய்ந்தது. அவர் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பழையபடி தட்டில் வைத்தார். நேகலியம்மா அதை அங்கேயே விட்டுவிட்டார்.